பிரிக்காத உறை

ஏப்ரல் 21

நாங்கள் பழத்தைக் கொண்டுபோய்ப் போடும் பழக்கூடத்தில் எல்லாத் தோட்டக்காரர்களுக்கும் இந்த நோட்டைக் கொடுத்தார்கள். எந்தத் தேதியில் எந்த மருந்து அடித்தோம் என்று எழுதி வைக்க. நான் அதில் என் புலம்பலை எழுதுகிறேன். கட்டத்துக்குள் அடங்க மாட்டேன் என்கிறது.

செர்ரி பூத்துவிட்டது. பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை. என் மூன்று ஏக்கரில் மட்டும் யாரோ பஞ்சை எண்ணி எண்ணி ஒட்டியது மாதிரி இருக்கிறது. நட்டு நாலு வருடம். வேலிக்கு அந்தப் பக்கம் அஜைப் அண்ணன் அதே வாரம் நட்ட மரங்களுக்கு ஏணி வேண்டும். என் மரங்கள் என் மார்புக்கு நிற்கின்றன. நானே உயரமான ஆள் இல்லை.

பம்மி வந்து பார்த்துவிட்டு, "துணி காயப்போட வசதியா இருக்கு" என்றாள். முப்பது வருடமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவள். பேச உரிமை இருக்கிறது.

ஏப்ரல் 26

இன்னொரு சுற்று உரம் போட்டேன். தண்ணீரையும் கூட்டினேன். சாப்பிடாத பிள்ளைக்கு இன்னும் இரண்டு ரொட்டி வைப்பது போல. வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு? எட்டாம் வகுப்பு, அதிலும் கணக்கில் இரண்டு தடவை தோற்றவன்.

ஏழாம் வரிசைக்கு மாமனார் வரிசை என்று பெயர் வைத்திருக்கிறேன். எவ்வளவு செய்தாலும் முகம் மலர்வதில்லை.

மே 9

அஜைப் அண்ணன் வேலியோரம் நின்று பேசினார். அவர் மகள் நவ்நீத்துக்கு அக்டோபரில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் வரவேற்கும்போது சித்தப்பாவாக நான்தான் நின்று மாலை போட வேண்டும் என்றார். வேறு யார் நிற்பார்கள்? சொந்தத் தம்பி அவருக்கு இல்லை. நான்தான் தம்பி.

வடக்கே மர ஆலையில் ஒன்றாகப் பலகை இழுத்த காலம். என் சட்டைக்கை பலகையை நகர்த்தும் சங்கிலியில் மாட்டியபோது இழுத்து வெளியே போட்டது அவர். அதற்கடுத்த வாரம் குருத்வாராவில், புனித நூலான கிரந்தத்துக்கு முன்னால், தலைப்பாகை மாற்றிக்கொண்டோம். என் நீலத்தை அவர் தலையில் வைத்தேன்; அவருடைய பிஸ்தா பச்சை என் தலைக்கு வந்தது. அன்றிலிருந்து உடன்பிறப்பு. ரத்தத்தில் பிறந்தவனோடுகூடச் சண்டை போடலாம், தலைப்பாகை மாற்றிக்கொண்டவனோடு போடக்கூடாது என்பார்கள் எங்கள் பக்கம்.

மரங்களைக் காட்டிக் கேட்டேன். "ஏண்ணே இப்படி நிக்குது?"

"குளிரு தம்பி. அந்தப் பள்ளத்துல பனி தேங்கும். அடுத்த வருஷம் பாரு."

போன வருடமும் அதைத்தான் சொன்னார்.

மே 20

பழக்கூடத்திலிருந்து மண் பார்க்கும் பெண்ணை அனுப்பினார்கள். என் மகள் ஹர்லீன் வயதுதான் இருக்கும். வந்ததும் மாமனார் வரிசையில் ஒரு மரத்தைப் பிடுங்கட்டுமா என்று கேட்டாள். சரி என்றேன். நாலு வருட மரம், முள்ளங்கி மாதிரி வந்துவிட்டது. அதுதான் பயமாக இருந்தது.

வேரைக் கழுவிக் காட்டினாள். தடித்த வேர் இருக்கிறது. மயிர் மாதிரி நுண்ணிய வேர் இருக்க வேண்டிய இடத்தில் கருத்த குச்சிகள்தான். "சாப்பிட வாய் இல்ல உங்க மரத்துக்கு" என்றாள். நான் நாலு வருடமாக உரம் போட்டுக்கொண்டிருந்தது வாயில்லாப் பிள்ளைக்கு.

முன்பு இங்கே என்ன இருந்தது என்று கேட்டாள். ஆப்பிள், நாற்பது வருடம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். வேரைத் தின்னும் நூற்புழுவாக இருக்கலாம், பழைய தோட்ட மண்ணில் பெருகிக் கிடக்கும் என்றாள். கண்ணுக்குத் தெரியாதாம். மண்ணை நாலு பையில் எடுத்துக்கொண்டு போனாள்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று என் மூன்று ஏக்கரைத் தின்றுகொண்டிருக்கிறது, நான் மேலே நின்று காக்கா விரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூன் 3

ஆய்வக முடிவு வந்தது. ஹர்லீன் ஃபோனில் படித்துச் சொன்னாள். ஒரு கை மண்ணில் ஐந்நூற்றுச் சொச்சம் புழு. நூறு இருந்தாலே இளங்கன்றுக்கு ஆபத்தாம்.

மண் பார்த்த பெண்ணிடம் நானே பேசினேன். இனி என்ன செய்யலாம்? மரம் நின்ற பிறகு செய்ய அதிகம் இல்லை என்றாள். நடுவதற்கு முன்னால் தெரிந்திருந்தால் மண்ணுக்கு வைத்தியம் செய்து, ஒரு வருடம் பொறுத்து, புழுவைத் தாங்கும் வேருள்ள கன்றாகப் பார்த்து நட்டிருக்கலாம். ஒரு வருடம்தான்.

வாங்கும்போது மண்ணைச் சோதிக்கவில்லையா என்று கேட்டாள். அண்ணனிடமிருந்து வாங்கினது என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் போல.

இன்னொன்று சொன்னாள். அந்தப் புழு தானாக நகர்ந்தால் வருடத்துக்கு ஒரு முழம் போகாதாம். டயரிலும் மண்வெட்டியிலும் செருப்பிலும் மனிதன்தான் சுமந்துகொண்டு போகிறான்.

ஜூன் 4

அஜைப் அண்ணனிடம் சொல்ல வேண்டும். அவர் மண்ணிலும் இருந்தால்? பாவம், அவருக்கும் தெரிந்திருக்காது.

ஜூன் 14

எப்படி எழுதுவது.

நவ்நீத்தின் மோதிரம் மாற்றும் சடங்கு அடுத்த வாரம். அதற்கு அண்ணனுடைய பச்சைத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு போகலாம் என்று பம்மி இரும்புப் பெட்டியைத் திறந்தாள். தலைப்பாகைக்கு அடியில் ஒரு மஞ்சள் உறை.

ஹர்லீன் விடுமுறைக்கு வந்திருந்தாள். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, இது என்ன, ஒட்டினது ஒட்டினபடி இருக்கு?"

நிலம் பதிவான அன்று அண்ணன் கொடுத்த உறை. டீ குடித்துக்கொண்டிருந்தோம், சுற்றிப் பத்துப் பேர். "தம்பி, நெலத்துப் பேப்பரெல்லாம் இதுல இருக்கு. ஒரு தடவ படிச்சுப் பாத்துக்க" என்று நீட்டினார். நான் என்ன செய்தேன்? உறையை நெற்றியில் ஒற்றிக்கொண்டேன். "நமக்குள்ள என்னண்ணே" என்றேன். பத்துப் பேரும் வாஹ் என்றார்கள். அண்ணன் கண் கலங்கினார். அந்தக் கதையை நாலு வருடமாக எத்தனை கல்யாணப் பந்தியில் சொல்லியிருப்பேன். பிரித்துப் பார்ப்பது என்றால் அவர் தலைப்பாகையைப் பிரித்துப் பார்ப்பது போல. எங்கள் ஆட்களில் யாரும் பிரிக்க மாட்டார்கள்.

ஹர்லீன் பிரித்தாள். வரைபடம், தண்ணீர் உரிமைக் காகிதம், இன்னும் ஏதேதோ. கடைசியில் ஒரே ஒரு தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"அப்பா, இது மண் பரிசோதனை. இந்த நிலத்தோடதுதான். நீங்க வாங்கறதுக்கு எட்டு மாசம் முன்னாடி."

"எவ்ளோ?"

"நானூத்தி அறுவது."

பம்மி தலைப்பாகையை மடித்து மறுபடி பெட்டிக்குள் வைத்தாள்.

ஜூன் 15

குளிரு தம்பி. பள்ளத்துல பனி தேங்கும்.

ஜூன் 16

இன்று ஒவ்வொன்றாக நினைவு வருகிறது, வேண்டாம் என்றாலும். நான் வாங்குவதற்கு முன்னால் அந்தத் துண்டில் அவர் இருநூறு செர்ரி வைத்துப் பார்த்தார். வளரவில்லை என்று பிடுங்கிவிட்டார். கன்று மோசம், நாற்றுப்பண்ணைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். அந்தக் கன்றுகளைக் குவித்து எரிக்க உதவியது யார்? நான்தான். குச்சியால் கிளறிவிட்டேன், நன்றாக எரியட்டும் என்று.

அதே இலையுதிர் காலத்தில் வேலிக்கு அந்தப் பக்கம், இப்போது ஏணி கேட்கும் அந்தத் தோட்டத்து மண்ணுக்குப் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு மருந்து செலுத்தினார். என்னண்ணே இது என்று கேட்டேன். களைக்கு என்றார்.

களைக்கு!

சட்டைக்கையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றிய கை. அதே கைதானே உறையையும் நீட்டியது? இரண்டையும் ஒரே ஆளாக நினைத்துப் பார்க்க முடியவில்லை. முயற்சி செய்தால் தலை வலிக்கிறது.

ஜூன் 18

மருந்து அடித்தேன். எதற்கு என்று தெரியவில்லை. பழக்கம்.

ஜூன் 20

மோதிரச் சடங்குக்குப் போகவில்லை. வயிற்றுப்போக்கு என்று சொல்லச் சொன்னேன். பம்மி ஃபோனில், "மரத்துக்கு முடியல, அவருக்கும் முடியல" என்று சொல்லிவிட்டாள்.

ஜூன் 28

குருத்வாராவில் பாத்திரம் கழுவும் முறை. எல்லா ஞாயிறும் போல அவர் எனக்குப் பக்கத்துத் தொட்டியில் நின்றார். பத்து வருடமாக அதுதான் எங்கள் இடம். அவர் சோப்புப் போடுவார், நான் அலசுவேன்.

சண்டை போடுவதற்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. பின்னால் பெண்கள் ரொட்டி தேய்க்கிறார்கள். குரலை உயர்த்த முடியாது. இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினோம்.

பிரித்துப் பார்த்தேன் என்றேன். எதை என்று அவர் கேட்கவில்லை. அதிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"கவரு குடுத்தேனா இல்லயா?" என்றார்.

"குடுத்த."

"படிச்சுப் பாருன்னு சொன்னேனா?"

"சொன்ன."

"பிரிக்காதது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் என்னடா?"

"நான் பிரிக்க மாட்டேன்னு உனக்குத் தெரியும்லண்ணே."

ஒரே தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம். கழுவ வேண்டிய தட்டுகள் இந்தப் பக்கம் குவிந்துகொண்டே போயின. ரொட்டி தேய்க்கும் பெண் ஒருத்தி, "சிங்குகளா, தட்டு வருமா, இல்ல கையில வாங்கிச் சாப்பிடணுமா?" என்று கத்தினாள். சிரிக்க வேண்டிய இடம். இரண்டு பேரும் சிரித்தோம்கூட. பழக்கம்.

வெளியே வரும்போது அவர் சொன்னது இது: "வேற எவனுக்காவது வித்திருந்தா அவன் பிரிச்சிருப்பான், தர்ஷி."

மன்னிப்பு என்று நினைத்துச் சொன்னாரா? பாராட்டா? வண்டியில் உட்கார்ந்து யோசித்தேன். எப்படித் திருப்பினாலும் குத்துகிறது. என்னைத் தேடி வந்து விற்றிருக்கிறார் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

ஜூலை 7

அறுவடை. சிரிக்காமல் எழுத வேண்டும். மூன்று ஏக்கருக்குப் பதினொரு பெட்டி. பழம் பட்டாணி அளவு. பழக்கூடத்தில் அளவுத் தட்டில் போட்டதும் எல்லாம் ஓட்டை வழியாக விழுந்துவிட்டன. அங்கிருந்த பையன் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தான். நல்ல வளர்ப்பு.

பம்மி ஊறுகாய் போட்டாள். நன்றாகத்தான் இருக்கிறது. மிகவும் விலை உயர்ந்த ஊறுகாய்.

ஜூலை 16

ஹர்லீன் வழக்குப் போடலாம் என்கிறாள். பம்மி ஊர்ப் பெரியவர்களைக் கூட்டலாம் என்கிறாள். கூட்டி என்ன சொல்வது? உறை கொடுத்தார், வாங்கினேன், பத்துப் பேர் பார்க்க நெற்றியில் ஒற்றிக்கொண்டேன். அந்தப் பத்துப் பேரும் அவருக்குத்தான் சாட்சி.

இதைச் சொன்னதும் ஹர்லீன், "அப்பா, நீங்க முட்டாள் இல்ல" என்றாள். அதை அவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஜூலை 29

மரங்களைப் பிடுங்கினோம். காலையில் ஆரம்பித்து நாலு மணிக்குள் முடிந்துவிட்டது. நடுவதற்குப் பதினெட்டு நாள் ஆனது எனக்கு. மாமனார் வரிசையைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். அதில் ஒரு மரம் மட்டும் கொஞ்சம் எதிர்த்தது. அதனிடம் மன்னிப்புக் கேட்டேன், டிராக்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

வேலிக்கு அந்தப் பக்கம் அவர் ஏணியில் நின்றிருந்தார். இறங்கவும் இல்லை, வேலை செய்யவும் இல்லை.

ஆகஸ்ட் 8

மண் பார்க்கும் பெண் சொன்னபடி கடுகு விதைத்தேன். அறுவடைக்கு இல்லை. பூக்கும்போது நறுக்கி மண்ணுக்குள் புதைக்க வேண்டும். அந்தக் காரம் ஆவியாகி மண்ணுக்குள் இறங்கிப் புழுவைக் கொல்லுமாம். முழுக்க ஒழியாது, குறையும் என்றாள். அடுத்த வருடம் மறுபடி சோதனை, அப்புறம்தான் கன்று.

ஒரு சங்கடம். நறுக்கிய உடனே புதைக்க வேண்டும். கால் மணி தாமதித்தால் காரம் காற்றோடு போய்விடும். ஒரு டிராக்டர் முன்னால் நறுக்க, இன்னொன்று ஒட்டினாற்போல் பின்னால் உழ வேண்டும். என்னிடம் ஒரு டிராக்டர், ஒரு ஆள், இரண்டு முழங்கால் வலி.

செப்டம்பர் 13

ஒரு பஞ்சாபி மூன்று ஏக்கர் கடுகு வளர்த்துவிட்டுச் சாப்பிடாமல் புதைக்கப் போகிறான் என்ற செய்தி பள்ளத்தாக்கு முழுக்கப் பரவிவிட்டது. கடுகுக் கீரை பறிக்க ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். தினம் இரண்டு கார். ஒரு கிழவர் கையில் வெண்ணெய் டப்பாவோடேயே வந்தார். வேரோடு பிடுங்காதீர்கள், செருப்பைக் கழுவிவிட்டுப் போங்கள் என்று வாசலில் தண்ணீர்க் குழாயோடு நிற்கிறேன். கோயில் காவல்காரன் மாதிரி.

அஜைப் வீட்டிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை. அவருக்குக் கடுகுக் கீரை என்றால் உயிர்.

செப்டம்பர் 27

பூத்துவிட்டது. மஞ்சள்.

அவர் வந்தார். நீலத் தலைப்பாகை, என்னுடையது, கட்டிக்கொண்டு வந்திருந்தார். கையில் கல்யாண அழைப்பு, மேலே லட்டுப் பெட்டி. வாசலிலேயே நின்று இரண்டு கையாலும் நீட்டினார்.

வாங்கினேன். வழக்கமாக என்ன செய்வோம்? நெற்றியில் ஒற்றி, லட்டை வாயில் போட்டு, அழைப்பை அலமாரி மேல் வைத்துவிடுவோம். தேதிதான் நாலைந்து மாதமாக எல்லாருக்கும் தெரியுமே.

நான் உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். உறையைக் கத்தியால் கிழித்தேன். படித்தேன். விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக. நான் படிக்கும் வேகம் அவருக்குத் தெரியும். மணமகள் பெயர், மணமகன் பெயர், மண்டபத்துக்கு வழி, வண்டி நிறுத்துமிடம், அச்சகத்தின் ஃபோன் நம்பர். சித்தப்பா என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அதையும் படித்தேன். பின்பக்கம் திருப்பினேன். காலியாக இருந்தது. காலியையும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

நின்றுகொண்டே இருந்தார். பம்மி கொண்டுவந்த டீயில் ஆடை படிந்துவிட்டது.

படித்து முடித்துவிட்டு உள்ளே போய் அவருடைய பச்சைத் தலைப்பாகையை எடுத்து வந்தேன். நேற்றே பம்மி துவைத்து, கஞ்சி போட்டு, மடித்து வைத்திருந்தாள். அவர் கையில் வைத்தேன். முகம் வெளுத்துவிட்டது. தலைப்பாகையைத் திருப்பிக் கொடுத்தால் உடன்பிறப்பு முறிந்தது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"பிரிச்சுப் பாத்து வாங்கிக்கண்ணே" என்றேன்.

"எதுக்குடா?"

"ஏழு கஜம் இருக்கா, கிழிசல் இருக்கான்னு பாரு."

"நமக்குள்ள என்ன தர்ஷி" என்றார்.

இன்னொரு தடவையும் சொன்னேன், பிரிச்சுப் பாரு என்று. பார்க்கவில்லை. மார்போடு வைத்துக்கொண்டு வண்டிக்குப் போனார். ஓட்டிப் போகும்போதும் மடியில்தான் வைத்திருந்தார்.

நான் இரண்டு தடவை சொன்னேன். அவர் எனக்கு ஒரு தடவைதான் சொன்னார்.

மூன்றாவது மடிப்புக்குள் இருக்கிறது அந்த மஞ்சள் உறை, மண் பரிசோதனைத் தாளோடு.

செப்டம்பர் 28

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 30

பூ உதிர்ந்து காயாக மாறுவதற்குள் புதைக்க வேண்டும். வாடகைக்கு டிராக்டர் கேட்டேன். எல்லாரும் ஆப்பிள் அறுவடையில் இருக்கிறார்கள். நானே நறுக்கி, நானே ஓடிப்போய் வேறு கருவி மாட்டி, நானே உழுவது என்று முடிவு. பம்மி, "சர்க்கஸ்ல சேத்துப்பாங்க உங்கள" என்றாள்.

அக்டோபர் 2

காலை ஏழு மணி. பம்மிக்கு முன்னால் எனக்குத்தான் அந்தச் சத்தம் கேட்டது. வாசலில் டிராக்டர். பின்னால் நறுக்கும் கருவி மாட்டியிருந்தது. பச்சைத் தலைப்பாகை கட்டியிருந்தார். நீலத்தை மடித்து இருக்கைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார், அதன் மேல் மஞ்சள் உறை.

அவர் என் கடுகைப் பார்த்தார். "பூ இன்னிக்கி விட்டா போயிடும்" என்றார்.

டயரைப் பார்த்தேன். அவர் தோட்டத்து மண் ஒட்டியிருந்தது.

"கழுவிட்டு உள்ள வா" என்றேன்.

இறங்கினார். தண்ணீர்க் குழாயை எடுத்துக் கழுவினார். நாலு டயரும், கருவியின் அடியும், அவருடைய பூட்ஸும். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் குனிந்து ஒவ்வொரு டயராகப் பார்த்தேன். பள்ளங்களில் விரலை விட்டுப் பார்த்தேன். பின் டயரில் கொஞ்சம் இருந்தது.

"இன்னொரு தடவ" என்றேன்.

கழுவினார்.

வாசல் கதவைத் திறந்துவிட்டேன். அவர் முன்னால் நறுக்கிக்கொண்டு போனார், நான் ஒட்டினாற்போல் பின்னால் புதைத்துக்கொண்டு போனேன். கடுகின் காரத்தில் கண் எரிந்தது, இரண்டு பேருக்கும். மதியத்துக்குள் மூன்று ஏக்கரும் முடிந்தது. சாப்பிடக் கூப்பிடவில்லை. பம்மி பறித்து வைத்திருந்த கீரையில் ஒரு டப்பா கொண்டுவந்து அவர் இருக்கையில் வைத்தாள், நீலத் தலைப்பாகைக்குப் பக்கத்தில். அவர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். அப்புறம்தான் கிளம்பினார்.